இருமல் வரவில்லை

திரையில் ஒரு மண்டையோடு தண்ணீர் குடித்தது.

“பயந்துடாதீங்கக்கா, உங்க வீட்டுக்காரர்தான்,” என்றாள் விழுங்கும் பயிற்சி தரும் பெண். சற்று முன் எடுத்த எக்ஸ்ரே படம் அது.

மனைவி சிரித்தாள். “ஊர்ல ஒழுகுற குழாயெல்லாம் அடைச்ச மனுஷன். இவரு குழாயைப் பாக்க ஒரு ஆஸ்பத்திரியே வேண்டியிருக்கு.”

குழாய்க்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புற்றுநோய்க்காக அவருடைய நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, முன்கைத் தோலை அங்கே வைத்துத் தைத்திருந்தார்கள். பிறகு கதிர்வீச்சு. அன்றிலிருந்து சாப்பாடு வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான்.

இன்றைய படம் நன்றாக இருந்தால் அந்தக் குழாயை எடுத்துவிடுவார்கள்.

பயிற்சிப் பெண் படத்தை மெதுவாக ஓட்டினாள்.

விழுங்குவது கண்ணிமைக்கும் நேர வேலை. நாக்கு பின்னால் தள்ளும். குரல்வளை மேலே எழும். அதன் வாயில் ஒரு சின்ன மூடி சாயும். அந்தக் கணத்துக்கு மூச்சும் நின்று வழிவிடும். முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். மூடி சரியாகச் சாய்ந்தால் தண்ணீர் பின்னால் இறங்கும். தப்பித்தவறி ஒரு துளி முன்னால் போனால், இருமல் அதை வெளியே தள்ளிவிடும்.

எக்ஸ்ரேயில் தெரிவதற்காக மருந்து கலந்த தண்ணீர் திரையில் கறுப்பாக இறங்கியது.

மூடி பாதியில் நின்றது. தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. மெல்லிய நூலாக ஒரு பங்கு முன்பக்கம் வழிந்து நெஞ்சுக்குள் போனது.

மண்டையோடு அசையவில்லை.

“இருமவே இல்லியே!” என்றாள் மனைவி, சந்தோஷமாக.

“அதுதான்கா பிரச்சினை. தொண்டை மரத்துப்போச்சு. நுரையீரலுக்குள்ள போனாலும் இருமல் வராது.”

மனைவிக்குச் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

“தினம் சாயங்காலம் நாந்தான் நாலு கரண்டி டீ கொடுக்கிறேன். இருமினா நிறுத்திடலாம்னு இவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பேன். குடிச்சுட்டு, நல்லா இருக்குன்னு தலையாட்டுவாரு. ஆபரேஷன் ஆனதுலேருந்து எனக்கும் ஒரு வாய் இறங்கலம்மா. இவரு அந்த டீயைக் குடிச்சப்புறந்தான் ரெண்டு கவளமாவது இறங்குது.”

பயிற்சிப் பெண் குழப்பத்தோடு குழாய்க்காரரைப் பார்த்தாள்.

“போன தடவை நீங்க தனியா வந்தப்பவே இதே மாதிரி படத்தைக் காட்டினேனேண்ணே. வாயால ஒரு சொட்டுகூட வேண்டாம், உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேனே. வீட்டுல சொல்லலையா?”

குழாய்க்காரர் திரையைப் பார்க்கவில்லை.

மனைவியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.