பெரட்டில் ஒரு பெயர்

பேஸ்புக்கில் வரும் தீர்க்கதரிசி சொன்னதற்காக என் அக்கா திரேசா சீனி வருத்தத்துக்கான மாத்திரையை நிறுத்திவிட்டாள். அவர் பொய்யர் என்று காட்ட, சலோமி என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்து, ரப்பர் தோட்டத்தில் வேலை வேண்டும் என்று அவருக்கு எழுதினேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

நேரலையில் அவர் கண்களை மூடினார். “சலோமி மகளே, திங்கட்கிழமை உன்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று கர்த்தர் சொல்லுகிறார்.”

“பாத்தியாக்கா, இல்லாத ஆளுக்குத் தீர்க்கதரிசனம் சொல்றாரு. மாத்திரையப் போடு.”

அக்கா போட்டாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், பால் வெட்டப் போகிறவர்களின் பெயர்களைக் கணக்கப்பிள்ளை வழக்கம்போல வாசித்தார். என் பெயருக்கு அடுத்து, “சலோமி” என்றார்.

“இருக்கேங்க,” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

நான் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.