சார்ஜ் வாங்காத ஜாஸ்பர்

"லைன்ல கோளாறுன்னா சும்மா பாப்போம் சார். வீட்டுக்குள்ள கோளாறுன்னா விசிட் சார்ஜ் உண்டு," என்றான் இன்டர்நெட் சரிசெய்ய வந்த ஜாஸ்பர்.

"ஒயரு உங்களுது, பொட்டி உங்களுது. நான் எதுக்குவே சார்ஜ் தரணும்?" ஜேசுதாசன் சட்டம் பேசினார்.

ஜாஸ்பர் பெட்டியில் கழன்றிருந்த ஒயரை அழுத்திச் செருகினான். தன் போனை வீட்டு வைஃபையில் இணைத்து வேகத்தைக் காட்டினான். காலையிலிருந்து ஊர்ந்த லைன் இப்போது பறந்தது.

"சார்ஜ் வேண்டாம் சார். நான் வாரேன்."

மகள் டார்லின் கொடுத்த காப்பியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

ஜேசுதாசன் மனைவியிடம் பெருமையடித்தார். "பாத்தியா சாலோமி? இந்த மாசம் மூணாவது தடவ வாரான். பாளையங்கோட்டையில நம்மகிட்ட எவன் சார்ஜ் வாங்கிருவான்?"

"அந்த ஒயரு எப்படிங்க அடிக்கடி கழலுது?"

"அது கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வைஃபையத் திருடுதானோன்னு காலையில பாஸ்வேர்டையே மாத்திட்டேன். ஒனக்குக்கூடச் சொல்லல. டார்லினுக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்பம் அந்தப் பையன் போன்ல எப்படி வந்துச்சு? உங்ககிட்ட பாஸ்வேர்டு கேக்கவே இல்லியே."

டார்லின் காலித் தம்ளரோடு அடுக்களைக்குள் நழுவினாள்.

அவன் சார்ஜ் வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஜேசுதாசனுக்கு. அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, அடுத்த தடவ அவங்க அம்மை அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அதுக்காவ ஒயரக் கழட்டாத."