கோயில் கடிகாரமும் கண்ணாடி போட்ட கழுதையும்

ஒன்பது வயசில் செய்த குற்றத்துக்கு முப்பத்து மூணு வயசில் மன்னிப்புக் கேட்டால் செல்லுமா, செல்லாதா? நீங்களே சொல்லுங்க.

ஆனி ரோஸுக்கு இந்தச் சந்தேகம் வந்ததே மகள் ஆஷ்லினால்தான். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப் போகிற பிள்ளை, சாமியாரிடம் சொல்லவேண்டிய முதல் பாவசங்கீர்த்தனத்துக்காக ஒரு நோட்டில் தன் பாவங்களை எழுதிக்கொண்டிருந்தது.

“அம்மா, என் வயசுல நீ என்ன பாவம் பண்ணுன?”

“நானா? தங்கமான புள்ளைடி நான்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பழைய கோயில் கடிகாரம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போதெல்லாம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டி.வி.யில் ஒரு சரித்திர கார்ட்டூன் வரும். மூக்குக்கண்ணாடி போட்ட கழுதை ஒன்று, ரெண்டு பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு ராஜ்ஜியத்துக்குப் போகும். எகிப்து, ரோமாபுரி, சீனா. அரியலூரையே தாண்டாத ஆனி ரோஸ், பிரமிடுக்குக் கல் ஏற்றிய விதத்தைத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடமே நடத்துவாள்.

சிக்கல், மாதா கோயில் எட்டு மணிப் பூசைதான். சாமியார் பிரசங்கத்தில் ஏறினால் லேசில் இறங்க மாட்டார். பூசை முடிந்து பஞ்சாயத்து டி.வி.க்கு ஓடுவதற்குள் கழுதை பாதி தேசம் சுற்றியிருக்கும்.

சீனப் பெருஞ்சுவர் வரப்போகிற வாரம். சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும், கோயில் பின்னறையில் பெஞ்சு மேல் ஏறி, கோயில் மணியடிக்க நேரம் பார்க்கிற கடிகாரத்தின் முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டாள்.

மறுநாள் மணி அடித்த அவசரத்தில் பாதி ஊர் ஈரத்தலையோடு வந்தது. மீதி ஊர் வந்தபோது பிரசங்கமே முடிந்திருந்தது. மணியடித்த கோயில்பிள்ளை ஞானமுத்துவை எல்லார் முன்னாலும் சாமியார் பிடித்துக்கொண்டார்.

“மணி பார்க்கத் தெரியாத ஆளுக்கு இந்த வேலை எதுக்குய்யா?”

ஞானமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஆனி ரோஸ் பெருஞ்சுவர் பார்க்க ஓடிவிட்டாள். அன்றிலிருந்து ஊருக்கு அவர் ‘அவசரக் கோயில்பிள்ளை’.

மகளை மட்டும் உண்மை பேசச் சொன்னால் எப்படி? மறுநாளே அரியலூரில் பஸ் ஏறித் தாய்வீட்டு ஊருக்குப் போனாள். ஞானமுத்து வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு பெரியப்பா. மன்னிச்சுக்குங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“எத்தனை நிமிஷம் தள்ளுன?”

“பத்து.”

“பொய் சொல்லாத. அன்னிக்குக் கடிகாரம் அரை மணி வேகமா ஓடுச்சு.”

“சத்தியமா பத்துதான் பெரியப்பா.”

ஞானமுத்து சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு பத்து நான் தள்ளுனேன்.”

“நீங்களா? எதுக்கு?”

“எதுக்கா? அந்தக் கழுதைக்குத்தான். நாலாவதோட நின்னவன் நான். சீன ராசா எதுக்குச் செவுரு கட்டுனான்னு வேற யாரு எனக்குச் சொல்லப்போறா?”

ஆனி ரோஸ் திண்டாடிப்போனாள். சிரிப்பதா, கோபப்படுவதா? இருபத்து நாலு வருஷமாகக் குற்றத்தைச் சுமந்ததெல்லாம் வீணா?

“சரி, மிச்சம் பத்து?”

“அன்னிக்குச் சாயங்காலமே சாமியார் என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுக் காபி குடுத்தாரு. ‘ஞானமுத்து, அதுல பத்து என்னுதுய்யா’ன்னாரு.”

“அடப்பாவமே. அவருமா கழுதை பார்த்தாரு?”

“பின்ன? அடுத்த வாரமே, ‘அறுவடைக் காலத்தை முன்னிட்டு’ன்னு பூசையை ஏழரைக்கு மாத்தினாரே. எந்த ஊர்ல வருஷம் பூரா அறுவடை நடக்குது?”

ரெண்டு பேரும் முந்திரிக்கொட்டை சிதறச் சிரித்தார்கள்.

“நாளைக்கே நம்ம ஊர்ச் சாமியார்கிட்ட என் பாவத்தைச் சொல்லிடலாம்னு இருந்தேன் பெரியப்பா.”

ஞானமுத்துவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“பாவசங்கீர்த்தனத்துலகூட அதை வாயத் தொறக்காத தாயி. புதுசா வந்திருக்கிற சாமியாருக்குக் கிரிக்கெட் பைத்தியம். நம்ம கடிகாரம் தாங்காது.”