தளபதியின் மத்தியான நடை

"போர் தோத்துப்போன சேதி தளபதிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வந்துச்சு. அப்பவே உயிர் போயிடுச்சு. அன்னிலேருந்து ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல மாடியில அவர் பூட்ஸ் சத்தம் கேக்கும்" என்றாள், தளபதியின் நினைவு இல்லத்தைச் சுற்றிக்காட்டும் பெண். "அந்த நேரம் நானே கீழே கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிடுவேன்."

"மாடியில என்னக்கா இருக்கு?" என்று கேட்டான் பஞ்சு. அடி வைத்தால் சத்தம் கேட்காது என்பதால் திருடர் வட்டாரத்தில் அவனுக்கு அந்தப் பெயர்.

"அவரோட தங்கப் பதக்கம், கைக்கடிகாரம், வெள்ளிப் பிடி போட்ட கத்தி. கண்ணாடிப் பெட்டியில வச்சு, வெளிச்சம் படக்கூடாதுன்னு துணி போட்டு மூடியிருக்கு. பூட்டெல்லாம் பேருக்குத்தான் தம்பி. பேய் நடக்கிற இடத்துக்கு எவன் திருட வருவான்?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது பஞ்சுவுக்கு.

மறுநாளும் டிக்கெட் வாங்கினான். ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தபோது திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டான். பிறகு மாடி ஏறி, அங்கே வைத்திருந்த தளபதியின் கோட்டையும் தொப்பியையும் பூட்ஸையும் அணிந்தான். யாராவது பார்த்தால் அலறி ஓடட்டும்.

வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டு நடந்தான். கீழே கதவு படாரென்று சாத்தப்பட்டது. பாவம், சோறு இறங்கியிருக்காது என்று சிரித்துக்கொண்டான்.

முதல் பெட்டியின் துணியை விலக்கினான். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதில் கத்தி மட்டும் இருந்தது. பூட்டை நெம்பி அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போடும்போது, அறை வாசலில் ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் நின்றார்கள். பின்னால், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவள்.

ஏட்டு பையிலிருந்த கத்தியை வெளியே எடுத்தார். "மத்ததெல்லாம் எங்கடா?"

"சத்தியமா இன்னிக்குத்தான் சார் முதல்தடவை வந்தேன். பெட்டி காலியாத்தான் இருந்துச்சு."

"நேத்தும் வந்தான் சார். மாடியில என்ன இருக்குன்னு விசாரிச்சான். அதான் இன்னிக்குச் சத்தம் கேட்டதுமே உங்களுக்குப் போன் பண்ணேன்" என்றாள் அவள்.

"எல்லாத் திருடனுக்கும் இன்னிக்குத்தான் முதல்தடவை" என்ற ஏட்டு, கான்ஸ்டபிளோடு காலிப் பெட்டிகளைப் பார்க்கப் போனார்.

அவள் பஞ்சுவின் தலையிலிருந்து தொப்பியைப் பதமாகக் கழற்றினாள்.

"பதக்கத்தையும் கடிகாரத்தையும் நான் வித்தே நாலு மாசமாச்சு தம்பி. பழி ஏத்துக்க ஒரு ஆள் வரட்டும்னுதான், இல்லாத பேயைத் தினமும் நடக்கவிட்டுக்கிட்டிருந்தேன்."