கால்மாட்டுப் போர்வை

போளூர்க்காரரான தனசேகரன், எந்த லாட்ஜில் அறை எடுப்பதும் குறை சொல்லத்தான். ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூர் லாட்ஜிலும் அதே கச்சேரி. குப்பைக்கூடை வழிகிறது, துண்டு மாற்றவில்லை, போர்வையைக் கால்மாட்டில் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகிவிடுகிறார்கள். ஆறடி ஆள் காலை எங்கே நீட்டுவது? முன்பெல்லாம் அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி நீலாவதி அதை உருவிவிட்டு, ஓரத்தை முக்கோணமாக மடித்துவைப்பாள். போன ஆடியில் அவள் இறந்துபோனாள்.

இன்று அருவி பார்த்துவிட்டுத் திரும்பினார். குப்பைக்கூடை அப்படியே வழிந்தது. துண்டும் அதே அழுக்குத் துண்டு. போர்வை மட்டும் உருவப்பட்டு, ஓரம் முக்கோணமாக மடிந்திருந்தது.

அறையைப் பூட்டிவிட்டு, படியில் உருளாத குறையாக வரவேற்பு மேசைக்கு ஓடினார்.

"என் ரூமுக்கு யாரும்மா வந்தது?"

அங்கிருந்த சசிகலா மிரண்டாள். "யாரும் வர்லிங்க சார். வேலை செய்றவங்க லீவு. சாவிகூட உங்க கையிலதானே கீது? கோச்சுக்காதீங்க, நாளிக்கு நானே வந்து சுத்தம் பண்ணிர்றேன்."

"ஐயோ, வேணாம்மா! ஒருத்தரும் வராதீங்க! இன்னும் ஒரு வாரம் தங்கறேன். அழுக்கு பாட்டுக்கு இருக்கட்டும்!"

"காலைல அந்தக் கத்து கத்துனாரு, இன்னா ஆளுப்பா இவரு!" என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை.

மூச்சிரைக்க மாடியேறிச் சாவியைத் திருப்பினார். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தனசேகரன் தலையைக் கோதிக்கொண்டார். செருப்பை வெளியே விட்டு, திட்டு வாங்காத அளவுக்குக் காலைக் கால்மிதியில் துடைத்தார். பிறகு கதவைத் தட்டினார்.