சந்தனக் கலர் தூறல்

"அந்தத் தின்னர் டப்பாவைக் கீழ வைய்யா! போன மாசம் என் சீப்பு என்ன கதி ஆச்சுன்னு மறந்து போச்சா?"

மனைவி குப்பம்மாள் போட்ட சத்தத்தில் தட்சணாமூர்த்தி டப்பாவைச் சட்டென்று கீழே வைத்தான். மறக்கவில்லை. சீப்பில் பட்ட பெயிண்டை எடுக்கிறேன் என்று தின்னரில் முக்கியதில், பற்களெல்லாம் உருகி ஒட்டிக்கொண்டு அது கரண்டி மாதிரி ஆகிப்போயிருந்தது.

எதிரே உப்பு வியாபாரி சக்கரபாணியின் பழைய மாரிஸ் கார். மரக்காணம் கடற்கரையில் படகுகளுக்கும், ஒன்றிரண்டு உப்பு லாரிகளுக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு இதுதான் முதல் கார். பாண்டிச்சேரியில் ஸ்ப்ரே மெஷின் இரவல் வாங்கி, பழைய சந்தனக் கலரையே மூன்று நாளாக அடித்து முடித்திருந்தான். கார் மாப்பிள்ளை போல நின்றது.

ஆனால் உப்பளத்துக் காற்று சும்மா இருக்கவில்லை. பின்னால் ஒட்டிவைத்த செய்தித்தாளைப் பிய்த்துக்கொண்டு போனதில், சிவப்பு விளக்குகளின் பிளாஸ்டிக் மேல் பெயிண்ட் தூறல் தூறலாகப் படிந்துவிட்டது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கார்க் கதவைத் திறந்தபோதுதான் பெரிய வினை தெரிந்தது. வேகம் காட்டும் மீட்டரின் பிளாஸ்டிக் மூடி முழுக்கச் சந்தனக் கலர்!

"வெளிய மட்டும் அடி, உள்ள எதையும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு குப்பு. சாயங்காலம் வந்துடுவாரு. இது நல்லா வந்தாத்தான் பக்கத்து ஊரு பிரம்மதேசத்துல இருக்கிற அவரு மச்சான் காரையும் எனக்குத் தர்றதாச் சொல்லியிருக்காரு. எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போவலை. மண்ணெண்ணெயை எடு."

விளக்குகள் சுலபமாக வழிக்கு வந்தன. பழைய பனியன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து மெல்லத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவியதும் பழையபடி சிவந்துவிட்டன. மீட்டர் மூடிதான் மசியவில்லை.

"ஜன்னலை ஏத்திட்டுத்தானே அடிச்சே? இங்க மட்டும் எப்பிடி இத்தினி கனமா அப்பிக்கிச்சு?" என்றாள் குப்பம்மாள்.

"எங்கியாச்சும் இடுக்கு இருந்திருக்கும். காத்து கொண்டாந்து கொட்டிருச்சு."

மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, கீறல் விழாமல் நூல் நூலாகச் சுரண்டினான். சுரண்டிய இடம் மங்கலாகத் தெரிந்ததும், குப்பம்மாள் பல்பொடியைக் குழைத்துக் கொடுத்தாள். மத்தியானச் சோறு ஆறிப்போனது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. பத்து தெரிந்தது, இருபது தெரிந்தது, கடைசியில் முள்ளும் தெரிந்தது. குப்பம்மாள் முந்தானையால் துடைத்தபோது, மூடி கடையிலிருந்து வந்தது போலப் பளபளத்தது.

ஐந்து மணிக்குச் சக்கரபாணி, தன் மனைவி தனக்கோடியோடு வந்து இறங்கினார். காரை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

"அடேயப்பா! புதுசு தோத்துடும்பா. மச்சான் காரை நாளைக்கே அனுப்பச் சொல்றேன்."

குப்பம்மாள் புருஷனின் விலாவில் இடித்தாள். சக்கரபாணி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

தட்சணாமூர்த்தி முந்திக்கொண்டான். "கொஞ்சம் பெயிண்ட் பட்டுடுச்சுங்க ஐயா. கீறல் இல்லாம எடுத்துட்டேங்க. மன்னிச்சுக்குங்க."

அதற்குள் தனக்கோடி அந்தப் பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"அட, முள்ளு மறுபடியும் தெரியுதே! இதை மெட்ராஸ்லதான் சரிபண்ணணும்னு சொன்னீங்களே? வாங்க, கிளம்பலாம். எவ்வளவு வேகமாப் போறீங்கன்னு நான் பாத்துக்கறேன்."

சக்கரபாணி தட்சணாமூர்த்தியின் தோளில் கைபோட்டுக் காருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், அவன் காதோரம் குனிந்தார்.

"அது உன் பெயிண்ட் இல்லப்பா. முள்ளு இருபதைத் தாண்டுனாலே இவ கத்தி ஊரைக் கூட்டுறாளேன்னு, பழைய டப்பாவுல மிச்சமிருந்ததை எடுத்து நானே தடவி வெச்சது. திரும்ப அடிச்சுக் குடுக்க எத்தினி நேரம் ஆவும்?"