வெளிச் சத்தம்

"சாட் பண்ணணும், பாட்டு கேக்கணும். அதுக்குத் தோதா மைக் வச்ச ஹெட்செட் ஒண்ணு காட்டுங்க."

தம்பி இப்படிச் சொன்னதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் வந்தது அவளை டாக்டரிடம் காட்டவும், அப்பாவுக்கு வலி மாத்திரை வாங்கவும். எலும்பெல்லாம் புற்று பரவி, புரண்டு படுத்தாலே அலறுகிற மனுஷரைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். திரும்பும்போது, "ஒரு நிமிஷம்க்கா" என்று இந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்துவிட்டான்.

கடைக்காரர் நாலைந்து பெட்டிகளை எடுத்துப் போட்டார்.

"இது நல்ல மெத்துனு இருக்கும் சார், காது வலிக்காது. பாட்டு போட்டா பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரியே இருக்கும்."

தம்பி அதை மாட்டிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரில் ஏதோ பேசிப் பதிந்தான். திரும்பப் போட்டுக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான்.

"ரோட்டுல போற பஸ் ஹாரன் விழுதே?"

"ரோட்டோரக் கடை சார். விழத்தானே செய்யும்!"

"விழக் கூடாது. என் குரல் மட்டும்தான் போகணும். வேற காட்டுங்க."

அடுத்ததும் சரியில்லை. அதற்கு அடுத்ததும் சரியில்லை.

"அக்கா, நான் பேசறப்போ பக்கத்துல நின்னு கொஞ்சம் சத்தம் போடேன்."

"எனக்கு வேற வேலை இல்லை பாரு."

கடைக்காரரே பாவம், அவன் காதோரம் நின்று கை தட்டினார். "வீட்டுல சின்னப் பசங்க தொல்லையா சார்?"

தம்பி கொஞ்சம் தயங்கினான்.

"இல்லே. ஒருத்தர் கத்துவார்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பா 'ஒருத்தர்' ஆகிவிட்டார்!

ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். ஏழு மாத வயிறு, நிற்க முடியவில்லை. முதல் பிள்ளை கலைந்து, பல வருஷம் கழித்துத் தங்கியது இது.

தினமும் சாயங்காலம் தன் ஊரிலிருந்து அவள் நெட் வழியாகக் கூப்பிடுவாள். "அப்பா பரவாயில்லைக்கா, தூங்குறார்" என்றுதான் இவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொல்வான். அவளும் நம்பினாள். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அப்பாவின் அலறல் கேட்டது. முதல் தடவை. அதற்கப்புறம் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. டாக்டர் சொன்னதையும் கேட்காமல், புருஷன் பேச்சையும் மீறி ரயிலேறி வந்தாள். வந்தவள் அப்பா கண்ணெதிரிலேயே மயங்கி விழுந்தாள். நாளைக்குப் புருஷன் வந்து கூட்டிப்போகப் போகிறார்.

இவனோ, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிறான்.

ஒருவழியாக ஒன்று தேறியது. தெருவில் இறங்கியதும் அக்கா வாயைத் திறந்தாள்.

"அப்பா கத்துறது உனக்கு அசிங்கமா இருக்கோ? உன் கூட்டாளிங்க காதுல விழுந்தா கௌரவம் போயிடுமோ?"

"மெதுவா நடக்கா. பள்ளம் இருக்கு."

"அவர் அந்தப் பாடு படறார். நீ காதை அடைச்சுக்கிட்டுப் பாட்டு கேக்கப் போறே. உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்காடா?"

தம்பி மருந்துப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

வீட்டில் இருப்பதே ஒரு ஹால்தான். ஒரு சுவரோரம் அப்பாவின் கட்டில், எதிர்ச் சுவரோரம் கம்ப்யூட்டர்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?" அப்பாவுக்குப் பாதிக் குரல்தான் வந்தது.

"புள்ளை நல்லா இருக்குப்பா. அலையாதே, மனசைப் போட்டு அலட்டிக்காதேன்னாங்க."

அப்பா தலையை அசைத்தார். அந்த அசைவுக்கே முகம் கோணியது.

தம்பி மாத்திரையைக் கொடுத்தான். வாயைத் துடைத்துவிட்டான். அது உள்ளே இறங்கியதோ இல்லையோ, உடனே போய் ஹெட்செட் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான். அங்கே இருந்தால் இன்னும் என்னென்ன சொல்லிவிடுவோமோ என்று அக்கா மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள்.

கொடியில் அப்பாவின் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

செல்போன் அடித்தது. தம்பி.

"கீழே இருந்துக்கிட்டு எதுக்குடா போன்?"

"கம்ப்யூட்டர்லேர்ந்து பேசறேன்க்கா. என் குரல் தெளிவா கேக்குதா?"

"கேக்குது."

"வேற ஏதாவது கேக்குதா?"

அந்த நேரம் பார்த்து, கீழே ஜன்னல் வழியாக அப்பாவின் அலறல் கிளம்பி மாடிக்கு வந்தது. குடலைப் பிடுங்குகிற அலறல். அவளுடைய ஒரு காது அதைக் கேட்டது. போனை ஒட்டியிருந்த காதில் தம்பியின் மூச்சு மட்டும்தான்.

"போன்ல ஒண்ணும் கேக்கலைடா... ஆனா அப்பா..."

அவள் முடிப்பதற்குள் தம்பி அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"அக்காவுக்குக் கேக்கலையாம்ப்பா. இனிமே அவ ஊர்லேர்ந்து கூப்பிடறப்போ நீங்க துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்க வேணாம். வலிச்சா நல்லாவே கத்துங்க."